சின்ன காரை பின்னாடி இடிச்சா பின் சீட்டுல இருக்கவங்களுக்கு என்னங்க பாதுகாப்பு? 5 ஸ்டார்ல இது சேருமா சேராதா?

கோட்டையூர்வாசி எழுதுனது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆளு நான், இப்பதான் முதல் தடவையா கேள்வி கேக்குறேன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் குடும்பத்தோட பிள்ளையார்பட்டி போயிட்டு பொழுது சாயுற நேரம் திரும்பி வந்துட்டு இருந்தோம். குன்றக்குடிக்கு கொஞ்சம் முன்னாடி பாதயாத்திரைக்காரங்க ரோட்டோரமா சாரை சாரையா வர்றாங்க, முன்னாடி போன பஸ்ஸு அவங்களுக்காக சட்டுனு நின்னுச்சு, நானும் நின்னுட்டேன், நல்லாத்தான் நின்னேன், பஸ்ஸுக்கும் எனக்கும் ஒரு வண்டி நீளம் இடம் இருந்துச்சு. நின்னு ரெண்டு செகண்டு இருக்கும், பின்னாடி ஹாலோ பிளாக் கல்லு ஏத்திட்டு வந்த மினி லோடு வண்டி ஒண்ணு வந்து விட்டான் பாருங்க ஒரு இடி. பிரேக் போட்டுத்தான் வந்தான், ஆனா பத்தல. ஒரு 40ல இடிச்சிருப்பான்னு நினைக்கிறேன்.

எங்க வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக், பேர் வேணாம். முன்னாடி நானும் அப்பச்சியும், பின்னாடி ஆத்தா, வீட்டுக்காரி, 7 வயசு மக, வீட்டுக்காரி மடியில 3 வயசு பையன். குன்றக்குடியான் புண்ணியத்துல யாருக்கும் ரத்தக்காயம் இல்ல. வீட்டுக்காரிக்கு முன் சீட்டுல நெத்தி இடிச்சு வீங்கிருச்சு, பையன் அவ கையை விட்டு நழுவி கீழ விழுந்து அழுதான், அடி இல்ல. ஆத்தா அன்னைக்கு ராத்திரி வரைக்கும் "எனக்கு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல"ன்னுதான் சொன்னாக. மறுநாள் காலையில கழுத்தைத் திருப்ப முடியல, எந்திரிச்சு உக்காரவே ரெண்டு பேர் பிடிக்க வேண்டியதாப் போச்சு. இப்ப மூணு வாரமா கழுத்துப் பட்டை, மாத்திரை, ஒத்தடம்.

டிக்கில மெட்ராஸ்ல இருக்க தங்கச்சிக்கு அனுப்புறதுக்காக தேன்குழலும் சீப்பு சீடையும் போட்ட ஒரு பெரிய டின் இருந்துச்சு, அந்த 15 கிலோ எண்ணெய் டின்னு இருக்குல்ல, அது. டிக்கியைத் திறந்து பாத்தா (திறக்கவே இல்ல, கடப்பாரை வச்சு நெம்பினோம்) டின்னு பாதி அகலத்துக்கு நசுங்கி பின் சீட்டு முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்குது. அதைப் பாத்ததும்தான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. அந்தத் தகரத்துக்கும் எங்க ஆத்தா முதுகுக்கும் நடுவுல இருந்தது ஒரு சீட்டு பஞ்சு, அம்புட்டுத்தான்.

இப்ப வண்டி மாத்தலாம்னு இருக்கோம். வரி வேற 2025 செப்டம்பர்ல 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. ஷோரூம்ல கேட்டா "5 ஸ்டார் சார், 6 ஏர்பேக் சார்"ங்கறான். பின்னாடி இடிச்சா என்ன ஆகும்னு கேட்டா திரும்பவும் "5 ஸ்டார் சார்"ங்கறான். மச்சான் வேற 4 மீட்டருக்குள்ளயே 7 சீட்டு வண்டி இருக்கு, குடும்பம் பெருசு, அதை எடுன்னு சொல்றாரு, ஆனா அந்தக் கடைசி சீட்டு பின் கதவோட ஒட்டியில்ல இருக்கு? அதுல பிள்ளைகளை உக்கார வைக்கலாமா?

இன்னொண்ணு, எங்க வண்டியில முன்னாடி ஏர்பேக் ரெண்டு இருக்கு, ரெண்டுமே விரியல. சொந்தக்காரர் ஒருத்தர் கம்பெனி மேல கேஸ் போடுங்குறாரு. போடலாமா?

---

சிராவயல் காளை:

தேன்குழல் உயிர் கொடுத்து ஆத்தாவைக் காப்பாத்திருக்கு 😀 ஆத்தா சீக்கிரம் குணமாகட்டும் அண்ணே. கேஸ் எல்லாம் போட்டு அலையாதீங்க, பெரியவங்க யாராச்சும் வந்து விவரமா சொல்லுவாங்க, நானும் துண்டு போட்டு உக்காந்துக்குறேன்.

---

ஓரகடம் டு காரைக்குடி:

சொந்த ஊர் கண்டனூர், வேலை வண்டி டிசைன் பக்கம், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. கடைசி கேள்வியில இருந்து வர்றேன்.

ஏர்பேக் விரியாததுதான் சரி. ஸ்டியரிங்குலயும் டேஷ்போர்டுலயும் இருக்க பை முன்னாடி மோதுறதுக்கு உள்ளது, அப்ப நம்ம உடம்பு முன்னாடி பாயும், அதைத் தாங்கிக்க பை. பின்னாடி இடிச்சா உடம்பு முதல்ல சீட்டுக்குள்ள புதையுது, அந்த நேரம் பை விரிஞ்சு என்ன பிரயோஜனம். பின்னால இடிச்சா உங்க ஏர்பேக்கு என்னன்னா, அது நீங்க உக்காந்திருக்க சீட்டுதான், அதுக்கு மேல இருக்க ஹெட்ரெஸ்ட்தான்.

ஸ்டாருக்கு வருவோம். வண்டியை மோத விட்டுப் பாத்து ஸ்டார் குடுக்குற நம்ம நாட்டுப் பரீட்சை பாரத் என்கேப், 2023 அக்டோபர்ல இருந்து நடக்குது. முன்பக்கம் 40 சதவீதம் படுற மாதிரி 64 கிலோமீட்டர் வேகத்துல மோத விடுவாங்க, பக்கவாட்டுல 50ல ஒரு தள்ளுவண்டியை விட்டு இடிப்பாங்க, அப்புறம் கம்பத்துல பக்கவாட்டா 29ல. பெரியவங்களுக்கு 32 மார்க், அதுல 27 எடுத்தா 5 ஸ்டார். குழந்தைகளுக்கு 49, அதுல 41. நல்ல பரீட்சைதான், நான் குறை சொல்லல, இது வந்தப்புறம் வண்டிக எவ்வளவோ தேறியிருக்கு. ஆனா இந்த மூணுல எதுலயும் பின்னாடி இடிக்கல பாத்தீங்களா? ஷோரூம் பையன் பொய் சொல்லல, நீங்க கணக்குல மார்க் எவ்வளவுன்னு கேட்டீங்க, அவன் தமிழ்ல எடுத்த மார்க்கைச் சொல்லிட்டு இருக்கான். ஐரோப்பாக்காரன் 2008ல இருந்து சீட்டை மட்டும் தனியா தண்டவாளத்துல ஓடுற ஒரு மேடையில வச்சு பின்னாடியிருந்து உதைச்சு கழுத்துக்கு என்ன ஆகுதுன்னு பாத்து மார்க் போடுறான். நம்ம வாங்கப்போற மாடல் அங்கயும் விக்குதுன்னா அந்த ரிசல்ட்டைத் தேடிப் பாருங்க, ஆனா சீட்டு அதே சீட்டுதானான்னும் பாக்கணும், விலையைக் குறைக்க சீட்டுல கை வைக்கிறது உண்டு.

இப்ப ஆத்தா கழுத்து. ஒரு சின்னக் கணக்கு. ஆளுங்களோட சேத்து உங்க வண்டி 1200 கிலோன்னு வச்சுக்கங்க, கல்லு ஏத்துன லோடு வண்டி 2000 கிலோ, 40ல வந்து இடிக்கிறான். ரெண்டும் ஒட்டிக்கிட்டு நகர்ற வேகம் 25. அதாவது நின்னுட்டு இருந்த நீங்க கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள 25 கிலோமீட்டர் வேகத்துல போறீங்க. அது ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல நடந்தா 7 ஜி, அதாவது நம்ம எடையைப் போல 7 மடங்கு இழுப்பு. மனுசன் தலை நாலரை அஞ்சு கிலோ, அந்த நேரத்துல அது 30, 35 கிலோ மாதிரி இழுக்கும். சீட்டு முதுகை முன்னாடி தள்ளிருச்சு, தலை மட்டும் இருந்த இடத்துலயே நிக்குது, நடுவுல கழுத்து பாம்பு மாதிரி நெளியுது. பெரும்பாலும் எலும்பு உடையாது, எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, தசையும் ஜவ்வும் இழுத்துக்கிட்டு மறுநாள்தான் வலி காட்டும். அதனால "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல"ன்னு சொன்னதை நம்பக் கூடாது. கை மரத்துப் போறது, விரல்ல ஊசி குத்துற மாதிரி இருக்கறது, தலைச்சுத்தல், இதெல்லாம் இருந்தா பட்டையோட விட்டுறாம டாக்டர்கிட்ட திரும்பக் கூட்டிட்டுப் போங்க.

தலை தனியா பின்னாடி போகாம உடனே தாங்கிப் பிடிக்கிறதுதான் ஹெட்ரெஸ்ட் வேலை. சாஞ்சு தூங்க வச்ச தலையணைன்னு முக்காவாசி பேரு நினைச்சுட்டு இருக்கோம். அமெரிக்காவுல முன் சீட்டுக்கு 1969லயே கட்டாயம் ஆக்கிட்டான். உச்சந்தலையில இருந்து 9 சென்டிமீட்டருக்குக் கீழ ஹெட்ரெஸ்ட் மேல் விளிம்பு இறங்கக் கூடாது, பின்மண்டைக்கும் அதுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கிட்ட இருக்க இருக்க நல்லது. கழுத்துக்குப் பின்னாடி தாழ வச்சிருந்தா தலையைத் தாங்காது, அதையே முட்டுக்கட்டையா வச்சு தலை பின்னாடி மடங்கலாம். சாப் கம்பெனி 1997லயும் வோல்வோ 1998லயும் இதுக்குன்னே தனியா சீட்டு கொண்டு வந்தாங்க, முதுகு அழுத்துனா ஹெட்ரெஸ்ட் தானா முன்னாடி வர்ற மாதிரியும், சீட்டு முதுகே கொஞ்சம் பின்னாடி அமுங்கி விட்டுக் கொடுக்குற மாதிரியும். நம்ம பட்ஜெட் வண்டியில அதெல்லாம் எதிர்பாக்க முடியாது, ஆனா ஏத்தி இறக்குற ஹெட்ரெஸ்ட் பின் சீட்டுல மூணு பேருக்கும் இருக்கான்னு பாக்கலாம். சில வண்டியில சீட்டோட சேத்து தச்ச மாதிரி குட்டையா ஒண்ணு வச்சிருப்பான், அஞ்சடி ஆளுக்கே தோள்பட்டைக்குத்தான் வரும்.

பெட்ரோல் டேங்க் வெடிக்குமோன்னு பயம் இருந்தா, இப்ப வர்ற சின்ன வண்டிகள்ல பெரும்பாலும் அது பின் சீட்டுக்கு அடியில, பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கு. 70கள்ல அமெரிக்காவுல ஃபோர்டு பின்டோன்னு ஒரு சின்ன கார், டேங்க்கை அச்சுக்கும் பம்பருக்கும் நடுவுல வச்சிருந்தான், பின்னாடி இடிச்சா தீ. கேஸ், கூச்சல் எல்லாம் ஆகி 1978ல சுமார் 15 லட்சம் வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அந்தப் பாடத்துலதான் டேங்க் முன்னாடி நகர்ந்துச்சு. இப்ப அங்க எரிபொருள் ஒழுகாம இருக்கான்னு பாக்கவே 80 கிலோமீட்டர்ல பின்னாடி இடிச்சுப் பாக்குறான்.

டிக்கி ஏன் இவ்வளவு குட்டையா போச்சுன்னா அதுவும் வரிதான். 2006 பட்ஜெட்ல 4 மீட்டருக்குள்ள இருந்தா வரி குறைவுன்னு வச்சாங்க, எல்லாரும் வாலை நறுக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்த மாருதி டிசையர் 4160 மில்லிமீட்டர், 2012ல வந்தது 3995. அந்த 165 மில்லிமீட்டர் எங்கேருந்து போச்சுன்னு நினைக்கிறீங்க, டிக்கியில இருந்துதான். நசுங்குறதுக்கு இடம் குறைஞ்சாலும் அந்த இடத்துல இருக்க இரும்பை நல்லா வடிவமைச்சா ஈடு கட்டலாம், ஆனா கட்டியிருக்காங்களான்னு நமக்குச் சொல்ல பரீட்சை இல்ல. என் கவலை அதுதான்.

---

வின்டேஜ் வண்டி:

எதுக்கு இவ்வளவு வியாக்கியானம். எங்க ஐயா அம்பாசிடர் வச்சிருந்தாக, இன்னும் பெரிய வீட்டு முகப்புல நிக்குது. பின்னாடி மாட்டு வண்டி இடிச்சாலும் லாரி இடிச்சாலும் ஒரு தட்டு தட்டி நிமித்திருவாங்க. இப்ப வர்றது எல்லாம் பிஸ்கோத்து டப்பா. தகரம் நசுங்குனா ஆள் நசுங்குவான், இது கூடவா தெரியாது?

---

ஓரகடம் டு காரைக்குடி:

அம்பாசிடர் மேல எனக்கும் பாசம் உண்டு அண்ணாச்சி, ஆனா தகரம் நசுங்கலேன்னா அந்த அடி எங்க போகும்? உள்ள இருக்க ஆளுக்குத்தான் போகும். டிக்கி நசுங்குற அந்தக் கொஞ்ச நேரம்தான் கழுத்துக்குக் கிடைக்கிற அவகாசம். அதுவும் அந்த வண்டி பின் சீட்டுல ஹெட்ரெஸ்ட் ஏது, சோபா மாதிரி முதுகோட முடிஞ்சிரும். எடை விசயத்துல மட்டும் நீங்க சொல்றது சரி, கனமான வண்டி குறைச்சலாத்தான் தூக்கி எறியப்படும். மேல சொன்ன கணக்குல 16 டன் லாரி வந்திருந்தா 25 இல்ல, 37.

---

பட்டிபார்த்தவன்:

நம்ம தொழில் டிங்கரிங். இருவது வருசத்துக்கு மேல ஆச்சு, பின்னாடி இடி வாங்குன வண்டி வாரத்துக்கு ஒண்ணு வரும், ஸ்பீட் பிரேக்கருக்கு வெள்ளை அடிக்காத ஊர்ல இருந்து ரெண்டா வரும். இன்ஜினியர் தம்பி சொன்னது எல்லாம் சரி, நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்.

கோட்டையூர் தம்பி, உங்க தேன்குழல் டின்னு இருக்கே, அது பாதியா நசுங்குச்சுன்னா டிக்கி உள்ள அவ்வளவு தூரம் வந்திருக்குன்னு அர்த்தம். அதுல தகர டின்னு இருந்ததால தப்பிச்சீங்க. அதே இடத்துல ஆத்தங்குடி கல்லு ரெண்டு பெட்டி வச்சிருந்தா? புதுவயல்ல இருந்து அரிசி மூட்டை ஏத்தி ஒட்டிப் போட்டிருந்தா? கல்லு நசுங்காது, வந்த அடியை அப்படியே சீட்டு முதுகுக்குக் கைமாத்தி விட்டுரும். போன வருசம் ஒரு வண்டி வந்துச்சு, டிக்கில கிரைண்டர் கல்லு, பின்னாடி லேசாத்தான் இடி, ஆனா சீட்டு கொக்கி பிச்சுக்கிட்டு முதுகுப் பக்கம் முன்னாடி மடங்கிக் கிடந்துச்சு, நல்லவேளை ஆள் இல்ல. கனமான சாமானை வச்சா சீட்டை ஒட்டி கீழ தரையோட வச்சு கட்டுங்கன்னு சொல்வாங்க, அது முன்னாடி மோதுறதுக்குச் சரி, சாமான் ஓடி வந்து இடிக்காது. பின் சீட்டுல ஆள் இருக்கப்ப கல்லு மாதிரி சாமானை ஏத்தாம இருக்கறதுதான் என் கட்சி. தனியா ஒரு நடை போங்க, இல்ல லோடு ஆட்டோவுக்கு 300 ரூபா குடுங்க.

அடுத்தது பம்பர் கார்டு. இதைக் கேக்காத ஆளே கிடையாது, "அண்ணே பின்னாடி ஒரு ஸ்டீல் பைப் போட்டு விடுங்க"ம்பாங்க. எனக்கு வருமானம்தான், இருந்தாலும் சொல்றேன், போடாதீங்க. அந்த பைப்பை நேரா சேஸிஸ் கால்ல, அதாவது வண்டிக்கு அடியில ஓடுற இரும்புச் சட்டத்துல, போல்ட்டு போட்டு முறுக்கியிருப்பாங்க. பைக்காரன் தட்டுனா பிளாஸ்டிக் பம்பர் மட்டும் கீறிட்டுப் போற இடத்துல, கார்டு போட்ட வண்டிக்குக் கால் வளைஞ்சு வரும். பைக்காரன் முழங்கால் என்னாகும்னு தனியா சொல்லணுமா. 2017 டிசம்பர்லயே மத்திய சர்க்கார் இந்த கார்டு எல்லாம் போடக் கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதியாச்சு. இன்சூரன்ஸ் க்ளைம்ல வேற பிரச்சனை பண்ணுவாங்க.

உங்க பழைய வண்டியை ரிப்பேர் பண்ணி விக்கப் போறீங்களா வச்சுக்கப் போறீங்களா? வச்சுக்கறதா இருந்தா டிக்கி தரை, பின் பேனல், சைடு கால் மூணையும் கேஸ் வச்சு சூடு காட்டி சுத்தியல்ல அடிச்சு நிமித்துறவன்கிட்ட குடுக்காதீங்க. இப்ப வர்ற தகடு கெட்டித் தகடு, சூடு காட்டுனா வெறும் தகரமாயிரும், பாக்க நேரா இருக்கும், அடுத்த இடி தாங்காது. கம்பெனி போட்ட ஜாயின்ட்டுல கழட்டி புதுப் பேனல் வச்சு ஸ்பாட் வெல்டு அடிக்கணும். பின் சீட்டு கொக்கி, மடக்குற லாக்கு, இடி நேரத்துல பெல்ட் போட்டிருந்த இடத்துல பெல்ட், இதெல்லாம் மாத்தச் சொல்லி இன்சூரன்ஸ் சர்வேயர்கிட்ட எழுதி வாங்கிருங்க. அப்புறம் கேட்டா தர மாட்டான்.

பழைய வண்டி வாங்கப்போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்க. எத்தனை பட்டி பாத்து பெயின்ட் அடிச்சாலும் அந்தக் குழியில ஒரு சுருக்கம் மிச்சம் இருக்கும், சேலை மடிப்பு கலைஞ்சு திரும்ப மடிச்ச மாதிரி. கம்பெனி ஸ்பாட் வெல்டு வரிசையா ஒரே அளவு புள்ளியா இருக்கும், நம்மாளு வச்சது கோணல் மாணலா இருக்கும். டெயில் லைட்டுக்கும் பாடிக்கும் இடைவெளி வலது இடது வித்தியாசம் தெரிஞ்சாலே திரும்பி நடையைக் கட்டிருங்க.

---

பள்ளத்தூர் மருமக:

எல்லாரும் தகரத்தைப் பத்தியே பேசுறீங்க, மடியில உக்காந்த பிள்ளையைப் பத்தி யாரும் பேசலையே. 3 வயசு பையன் 14 கிலோ இருப்பான்ல தம்பி? இன்ஜினியர் போட்ட 7 மடங்கு கணக்கை அதுல போட்டுப் பாருங்க, 98 கிலோ. உங்க வீட்டுக்காரி கையில கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டை. அவங்க விட்டதுல ஒரு தப்பும் இல்ல, பயில்வானாலயும் பிடிக்க முடியாது. நெத்தி இடிச்சதுன்னு சொன்னீங்கள்ல, முதல்ல சீட்டுல புதைஞ்சு அப்புறம் எகிறி முன்னாடி வந்திருப்பாங்க, பெல்ட் போட்டிருக்க மாட்டாங்க, சரிதானே? பின் சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், போடலேன்னா 1000 ரூபா அபராதம், 14 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கும் பெல்ட்டோ சைல்டு சீட்டோ வேணும்னு சட்டத்துலயே இருக்கு. நம்ம ஊர்ல யாரு கேக்குறா அப்படீங்கறது வேற.

எங்க வீட்டுல சைல்டு சீட்டு வாங்குனப்ப மாமியார் "பிள்ளையை எதுக்கு கட்டிப் போடுற"ன்னு ஒரு மாசம் பேசல. இப்ப அவங்களே பக்கிளை மாட்டி விடுறாக. கைக்குழந்தைன்னா முகம் பின் கண்ணாடியைப் பாக்குற மாதிரி, குறைஞ்சது 15 மாசம் வரைக்கும், அதுக்கு மேலயும் சீட்டு தாங்குற எடை வரைக்கும் அப்படியே வைக்கலாம். பின்னாடி இடிச்சா அப்ப ஆகாதேன்னு நானும் கேட்டேன். பிள்ளைக உயிருக்கு ஆபத்தான வேகம் பெரும்பாலும் முன்னாடி மோதுறதுலதான் வருது, அதனால அப்படி வைக்கிறதுதான் லாபம்னு சொன்னாங்க, எனக்கும் அது ஞாயமா பட்டுச்சு. இடி வாங்குன வண்டியில இருந்த சைல்டு சீட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீங்க, உள்ள விரிசல் விட்டிருக்கலாம்.

அந்த 7 சீட்டு விசயம். எங்க கொழுந்தனார் வச்சிருக்காக. நானே கடைசி சீட்டுல உக்காந்து பாத்தேன், தலைக்கும் பின் கண்ணாடிக்கும் ஒரு சாண் கூட இல்ல, ஹெட்ரெஸ்ட் வேற மொளைச்ச மாதிரி ஒண்ணு. ஊருக்குள்ள கோயிலுக்குப் போகையில பெரியாளுக நெருக்கி உக்கார்றது வேற, திருச்சி ரோட்டுல பிள்ளைகளை அங்க வைக்க எனக்கு மனசு வராது. அவுக இப்ப அந்தச் சீட்டை மடக்கி வச்சுட்டாக, 5 சீட்டா ஓட்டுறாக, டிக்கியும் பெருசாச்சு. கடைசியில அந்த வண்டிக்கு இதுதான் நல்ல உபயோகம்னு ஆயிருச்சு.

---

ரஸ்தா டிரைவர்:

நான் சர்க்கார் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். படிச்ச பிள்ளைக சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, ஓட்டுற முறை மட்டும் சொல்றேன். பின்னாடி வந்து இடிச்சா அவன் மேல தப்பு, அதுல சந்தேகமே இல்ல, இடைவெளி விட வேண்டியது பின்னாடி வர்றவன். ஆனா தப்பு யாரு மேலன்னு வச்சுக்கிட்டு கழுத்தை என்ன பண்றது.

முன்னாடி நிக்கணும்னு தெரிஞ்ச உடனே ஒரே மிதியா மிதிக்காம ரெண்டு தட்டு தட்டி அப்புறம் மிதிங்க, பின்னாடி வர்றவனுக்கு செவப்பு மினுக்கும். மிதிச்ச கையோட கண்ணு நடுக் கண்ணாடிக்குப் போகணும். அவன் வேகம் குறையலேன்னு பட்டா நாலு இண்டிகேட்டரும் சேந்து மினுக்குற ஹசார்டு சுவிட்சை அமுத்துங்க. முன் வண்டிக்கு ஒரு வண்டி நீளம் விட்டு நின்னேன்னு சொன்னீங்களே, அதுதான் உங்களைக் காப்பாத்துச்சு தம்பி, இல்லேன்னா பஸ்ஸுக்கும் லோடு வண்டிக்கும் நடுவுல அடை மாதிரி ஆயிருப்பீங்க. பின்னாடி ஒரு வண்டி வந்து நின்னப்புறம்தான் நம்ம இடைவெளியைக் குறைக்கலாம். அதே மாதிரி நீங்களும் அடுத்தவன் பின்னாடி விடணும். 60ல போனா ரெண்டு செகண்டுக்கே 33 மீட்டர் ஓடியிருப்பீங்க, எங்க பஸ்ஸு நீளத்துக்கு மூணு பஸ்ஸு.

பாதயாத்திரை சீசன், சிராவயல் மஞ்சுவிரட்டு சமயம், அறுப்புக் காலத்துல ரோட்டுல நெல்லு காய வைக்கிறப்ப, இந்த நேரம் எல்லாம் நம்ம ரோட்டுல யாரு எப்ப நிப்பான்னு சொல்ல முடியாது. மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுச் சுவர்கிட்ட பின்பக்கமா வண்டியை நிறுத்தி பிரேக்கை மிதிச்சுப் பாருங்க, சுவத்துல ரெண்டு செவப்பு தெரியணும். பாதி வண்டிக்கு ஒண்ணுதான் தெரியும், ஓட்டுறவருக்கு அது தெரியவே தெரியாது.

---

ஓரகடம் டு காரைக்குடி:

ஐயா சொன்னதுல ஒரு ஒட்டு. பின் கண்ணாடிக்கு மேல நடுவுல மூணாவது பிரேக் லைட்டு இருக்க வேரியன்ட்டா வாங்குங்க. அமெரிக்காவுல 1986 மாடல்ல இருந்து கார்களுக்குக் கட்டாயம் ஆக்குனது அது, ரெண்டு வண்டி தள்ளி வர்றவனுக்கும் கண்ணாடி வழியா தெரியும். எல்ஈடியா இருந்தா இன்னும் நல்லது, குண்டு பல்பு சூடாகி முழு வெளிச்சம் வர ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு நேரம் ஆகும், 80ல வர்றவன் அதுக்குள்ள நாலு மீட்டருக்கு மேல வந்திருப்பான்.

---

கோட்டையூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி மக்களே. ரெண்டு நாளா படிச்சு படிச்சு வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டு இருக்கேன். கேஸ் ஐடியாவை விட்டாச்சு. 7 சீட்டையும் விட்டாச்சு, மச்சான்கிட்ட பள்ளத்தூர் அக்கா சொன்னதைச் சொன்னேன், அவர் போய் கடைசி சீட்டுல உக்காந்து பாத்துட்டு ஒண்ணும் பேசல.

பெல்ட் விசயம், ஆமா, பின் சீட்டுல யாரும் போடல. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நேத்து போய் பாத்தா பெல்ட் பக்கிள் எல்லாம் சீட்டு உறைக்கு அடியில போயிருச்சு, உறை போட்ட நாள்ல இருந்தே யாரும் வெளிய எடுத்ததில்ல போல. பட்டிபார்த்தவர் அண்ணே சொன்ன மாதிரி ஸ்டெப்னி குழியைப் பாத்தேன், சுருக்கம் இல்ல, கிழிஞ்சே இருக்கு. சர்வேயர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்.

ஹெட்ரெஸ்ட் கதையைச் சொல்லியே ஆகணும். இதைப் படிச்சதும் அளந்து பாக்கலாம்னு ஸ்கேலை எடுத்துக்கிட்டு கராஜுக்குப் போனா பின் சீட்டுல ஹெட்ரெஸ்ட்டே இல்ல. ரெண்டு ஓட்டைதான் இருக்கு. எனக்கு ஞாபகமே இல்லாமப் போச்சு. வண்டி எடுத்த புதுசுல ஆத்தாதான் கழட்டச் சொன்னாக, கொண்டை இடிக்குது, தலையை முன்னாடி தள்ளுது, சாஞ்சு உக்கார முடியலேன்னு. நான்தான் கழட்டி பிளாஸ்டிக் கவரோட பரண்ல போட்டேன். 2014ல இருந்து அங்கதான் கிடக்குது, இன்னைக்கு ஏணி போட்டு ஏறி எடுத்தேன், கவர் கூட பிரிக்கல. பத்து வருசத்துக்கு மேல எங்க பின் சீட்டுல யாருக்கும் தலைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லாம ஓடியிருக்கேன்.

ஆத்தாகிட்ட கொண்டு போய் காட்டினேன். கழுத்துப் பட்டையோட திரும்ப முடியாம உடம்போட திரும்பி அதைப் பாத்துட்டு, புது வண்டியில இதைக் கழட்ட வேணாம், நான் கொண்டையை அவுத்துப் பின்னலா போட்டுக்கிறேன்னாக. கேக்க வேண்டியது இன்னும் ஒண்ணு பாக்கி: நடு சீட்டுக்கும் ஹெட்ரெஸ்ட்டும் தோள் பெல்ட்டும் இருக்க சின்ன வண்டி யாராச்சும் வச்சிருந்தா எந்த வேரியன்ட்டுன்னு சொல்லுங்க, ஷோரூம்ல இதைக் கேட்டா இன்னும் "5 ஸ்டார் சார்"னுதான் சொல்லிட்டு இருக்கான்.